சென்னையில் நாயோடு வெளியே: கடற்கரையா, கஃபேயா, மொட்டை மாடியா?

மெட்ரோ ரயிலில் நாயை ஏற்ற மாட்டார்கள். மாநகரப் பேருந்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெரும்பாலான பூங்காக்களின் வாசலில் 'செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை' என்று பலகை தொங்கும். ஆட்டோக்காரர் முதலில் நாயைப் பார்ப்பார், அப்புறம் உங்களைப் பார்ப்பார், அப்புறம் ஒரு தொகை சொல்வார். இத்தனைக்கும் நடுவில், ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாயை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை சென்னையில் கூடிக்கொண்டேதான் இருக்கிறது. கஃபேக்கள், நாய்ச் சந்திப்புகள், நாயைச் சில நாள் தங்கவிடும், நீச்சல்குளம் வைத்த போர்டிங் பண்ணைகள், 'பெட் ஃபெஸ்ட்' என்று வழிகளும் பெருகிவிட்டன. எது யாருக்குச் சரிப்படும் என்று ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவற்றில் பாதி நமக்காக ஏற்பட்டவை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. நாய் வளர்ப்பவருக்கும் நாலு பேரைப் பார்த்துப் பேச வேண்டும்தானே. ஆனால் இன்றைக்குப் போவது யாருக்காக என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால் வீண்செலவும் குறையும், நாயும் தப்பிக்கும். எங்கள் வீட்டில் இருப்பது தெருவிலிருந்து வந்த நாட்டு நாய். ஓட இடம் கொடுத்தால் போதும், மனிதர்கள் இல்லாவிட்டாலும் கவலைப்படாது. அக்கா வீட்டில் இருப்பது பக் இனக் குட்டை நாய். அதற்கு நடப்பதே பிடிக்காது, மடியும் கூட்டமும் வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒரே இடம் சரிப்பட்டதே இல்லை. கீழே நான் சொல்லும் தீர்ப்புகளில் இந்த இரண்டின் குணமும் கலந்திருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

எங்கே போவதாக இருந்தாலும் இரண்டு காகிதங்கள் வேண்டும்: மாநகராட்சி உரிமம், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று. உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய்தான், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ரொம்ப காலம் இதை யாரும் சட்டை செய்யவில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அதற்குப் பிறகுதான் கெடுபிடி தொடங்கியது. 2025 இறுதியில் உரிமம் இல்லாத நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயமானது. வெளியே கூட்டி வந்தால் செயின் இருந்தாக வேண்டும். ராட்வீலர், பிட்புல் வைத்திருப்பவர்களுக்குக் கட்டுப்பாடுகள் இன்னும் கடுமை. நாய்க்கு வாய்மூடி மாட்டாமல் அவர்கள் தெருவில் இறங்கவே கூடாது. உரிமத்தின் படத்தை ஃபோனில் வைத்திருங்கள். கஃபேயிலும் கேட்கிறார்கள், சந்திப்புகளிலும் கேட்கிறார்கள். கேட்காத இடத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அங்கே வந்திருக்கும் மற்ற நாய்களையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் அல்லவா?

அடுத்தது வெயில். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். சென்னைக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் அதுவும் பாதிதான் வேலை செய்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 105ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக், ஷீட்ஸூ போன்ற சப்பை மூக்கு இனங்கள் அந்த எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடும். குளிர்நாட்டு இனமான ஹஸ்கி வைத்திருப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, ஏ.சி. மின்கட்டணமே சொல்லியிருக்கும். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து மனதுக்குள் ஏழு எண்ணுங்கள். எண்ணி முடிக்கும்வரை கையை வைக்க முடியவில்லை என்றால் நாய் அதில் நடக்கக் கூடாது. மார்ச் முதல் ஜூன் வரை காலை 8 மணிக்கு மேல் பெரும்பாலும் எண்ணி முடிக்க முடியாது. அதனால் கீழே உள்ள எல்லா வழிகளுக்கும் பொதுவான முதல் கேள்வி, எத்தனை மணிக்கு என்பதுதான்.

கடற்கரை

காசே ஆகாத வழி இது. விடியற்காலையில் போனால் இதற்கு இணை வேறில்லை. மாலையில் போனால் நரகம். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் சனிக்கிழமை மாலை பஜ்ஜிக் கடை, பலூன் சுடும் கடை, குதிரை, பட்டம், குழந்தைகள் என்று இருக்கும் கூட்டத்துக்குள் நாயை இழுத்துக்கொண்டு போவது அதற்கும் தண்டனை, குழந்தைகளுக்கும் பயம். மெரினாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். திருவான்மியூரிலிருந்து தெற்கே கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை வரை உள்ள மணல்தான் நாய்க்கு ஏற்றது. 5.30 மணிக்கு இறங்கி, 7 மணிக்குள் ஏறிவிட வேண்டும்.

பிரச்சினைகளும் அங்கேயே இருக்கின்றன. முதலாவது, அந்த மணலுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பெசன்ட் நகரின் மீனவக் குப்பமான ஊரூர் ஆல்காட் குப்பம் பக்கம் காலையில் போய்ப் பாருங்கள். கரையேற்றிய ஒவ்வொரு ஃபைபர் படகுக்கு அடியிலும் இரண்டு மூன்று நாய்கள் சுருண்டு கிடக்கும். நம் நாய் ஐம்பது அடி தூரத்தில் வரும்போதே ஒன்று தலையைத் தூக்கும். குரைக்காது, பார்க்கும். அடுத்த படகிலிருந்து இன்னொன்று எழுந்து சோம்பல் முறிக்கும். குரைப்பது மூன்றாவது. நாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதலாவது சத்தமில்லாமல் பின்பக்கம் வந்து நிற்கும். இந்த நேரத்தில் ஓடுவதும், கல்லை எடுப்பதும், நாயைத் தூக்கித் தலைக்கு மேல் பிடிப்பதும் நிலைமையைக் கெடுக்கும். செயினைக் கையில் சுருட்டி நாயை நம் காலோடு வைத்துக்கொண்டு, அலை வந்து நனைக்கும் ஈரமணல் பக்கம் ஒதுங்கி, நடையின் வேகத்தை மாற்றாமல் கடந்து போய்விட வேண்டும். அவை தங்கள் எல்லை முடியும் இடம் வரை வழியனுப்பிவிட்டுத் திரும்பிவிடும். குப்பத்து மக்கள் சோறு போட்டு வளர்க்கும் நாய்கள் அவை, விருந்தாளி நாம்தான். 2024இல் எடுத்த கணக்கெடுப்பின்படி சென்னையில் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். அவற்றைத் தவிர்த்துவிட்டு இந்த ஊரில் எங்கேயும் நாயோடு நடக்க முடியாது, கடந்து போகப் பழகத்தான் வேண்டும்.

இரண்டாவது, மணலில் கிடப்பவை. வலையிலிருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் கிடக்கும், அதில் கொடிய விஷம் உண்டு. சொறிமீன் ஒதுங்கியிருக்கும். அறுந்த தூண்டில் நரம்பில் முள் கோத்தபடி இருக்கும். பிரியாணிப் பொட்டலத்தின் எலும்பு எங்கும் இருக்கும். 'விடு' என்று சொன்னால் வாயிலிருப்பதை விடாத நாயைக் கடற்கரையில் நீளக் கயிற்றில் விட வேண்டாம். உப்புத் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் நிச்சயம். கையில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் இருந்தால் அது கடலைத் தேடாது.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில்தான் முட்டையிட ஏறுகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் வேலை 1988 முதல் நடக்கிறது. முட்டைக் குழியை மோப்பம் பிடித்துத் தோண்டுவதில் நாயை மிஞ்ச ஆளில்லை. அந்த மாதங்களில் இருட்டோடு நாயை மணலில் இறக்காமல், நன்றாக விடிந்த பிறகு, கட்டாயம் செயினோடு இறங்குங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. அழுகிய ஆமை கிடந்தால் நாய் அதன்மேல் விழுந்து புரளும். அப்புறம் அந்த நாற்றம் காரிலிருந்து போக ஒரு வாரம் ஆகும்.

இவ்வளவு சொல்லியும், ஓடப் பிடித்த நாய்க்கு என் முதல் ஓட்டு வாரநாள் விடியற்காலைக் கடற்கரைக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் காலையும் வயிற்றையும் கழுவிவிட வேண்டும். விரலிடுக்கில் மணல் தங்கினால் நக்கி நக்கிப் புண்ணாக்கிவிடும்.

பூங்காவும் தெருவும்

பூங்காக்களை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கிண்டி தேசியப் பூங்கா வனத்துறையின் இடம், நாய்க்கு அங்கே வேலை இல்லை. மாநகராட்சிப் பூங்காக்களில் காவலாளியின் மனநிலையைப் பொறுத்து விடுவதும் விரட்டுவதும் நடக்கும். பெங்களூரு கப்பன் பூங்காவில் நாய்களுக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது என்று சென்னை நாய்க்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். விட்டுவிட்டுத் தெருவில் நடக்கலாம். கஸ்தூர்பா நகர், காந்தி நகர், கோட்டூர்புரம், அண்ணா நகரின் உள் தெருக்கள் போன்று மரநிழல் உள்ள இடங்களில் காலையில் வழி மாற்றி மாற்றி, நாய் நின்று மோப்பம் பிடிக்கும் இடத்திலெல்லாம் நாமும் நின்று நடந்தால் அதுவே நல்ல வெளியூர்ப் பயணத்துக்குச் சமம். கழிவை எடுக்கக் கவர் கொண்டு போங்கள். எடுக்காமல் போகும் ஒருவரால்தான் அந்தத் தெருவில் நம் எல்லாருக்கும் திட்டு விழுகிறது.

கஃபே

இங்கே 'பெட் ஃப்ரெண்ட்லி' என்ற பலகைக்கு அர்த்தம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் முற்றத்தில் மட்டும் உட்காரலாம். சில இடங்களில் உள்ளேயும் விடுவார்கள், ஆனால் சின்ன நாய் என்றால் மட்டும். இன்னும் சில கஃபேக்களில் அவர்களே வளர்க்கும் நாய்கள் உலவும். அங்கே போவது நாய் இல்லாதவர்கள் நாயோடு விளையாட. உங்கள் நாயை அங்கே கூட்டிப் போனால் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்த கதைதான். போகும் முன் ஃபோன் செய்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: நாயை எங்கே உட்கார வைப்பீர்கள், அங்கே மின்விசிறி உண்டா, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு? மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் கடை நல்ல கடை.

கஃபேயில் நாய் செய்ய வேண்டியது சும்மா இருப்பது. சும்மா இருப்பதுதான் பல நாய்களுக்கு உலகத்திலேயே கடினமான வேலை. ஆறேழு வயதைத் தாண்டிய, ஏற்கெனவே ஒரு நடை முடித்த, ஆட்களைக் கண்டால் எகிறாத நாய் என்றால் தாராளமாகக் கூட்டிப் போகலாம். ஒரு வயது லாப்ரடாரை அழைத்துப் போனால் நீங்கள் காபி குடிக்க மாட்டீர்கள். வழவழப்பான டைல்ஸ் தரை பெரிய நாய்களின் இடுப்புக்கு ஆகாது. ஒரு பாய் கொண்டு போய் விரித்தால் வழுக்காமல் உட்காரும், 'இது என் இடம்' என்றும் அதற்குப் புரியும். பக்கத்து மேசையிலிருந்து விழும் கேக்கில் சாக்லேட் இருக்கலாம், திராட்சை இருக்கலாம். வெங்காயம் போட்ட எதுவும் ஆகாது. நாய்க்கென்று தனி மெனு வைத்திருக்கும் கடைகளில் வேகவைத்த கோழியும் சோறும் வரும். வீட்டில் நாம் போடுவதேதான், விலை மட்டும் வேறு. அக்காவின் பக் இந்த இடங்களில் மகாராணி. எங்கள் வீட்டு நாய்க்கு நான் கஃபேயைச் சொல்ல மாட்டேன்.

சந்திப்புகள்

ஒரே இனத்துக்காரர்கள் வாட்ஸாப்பில் சேர்ந்து நடத்தும் சந்திப்பு, பயிற்சியாளர்கள் நடத்தும் குழு நடை, நிறுவனங்கள் விளம்பரத்துக்காக மைதானத்தில் நடத்தும் விழா என்று இது மூன்று வகை. மூன்றையும் ஒரே பெயரில் அழைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

குழு நடைதான் இதில் சிறந்தது. ஐந்தாறு நாய்கள், எல்லாம் செயினில், ஒரே திசையில் நடக்கின்றன. முகத்துக்கு முகம் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பயந்த நாய் கடைசியில் வரலாம். நாய்கள் பழகுவதற்கு உட்கார்ந்து பேசத் தேவையில்லை, கூட நடந்தாலே போதும்.

புதிதாக இரண்டு நாய்கள் சந்திக்கும் அந்த முதல் நிமிஷத்தைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்ப்போம். வழக்கமாக நடப்பது இது: இரண்டு பேரும் 'ஹாய் சொல்லுடா' என்று நாய்களை நேருக்கு நேர் கொண்டுவருவார்கள். பயத்தில் செயினை இறுக்கிப் பிடிப்பார்கள். கழுத்து பின்னால் இழுபட, நாயின் மார்பும் தலையும் நிமிரும். எதிரில் இருக்கும் நாய்க்கு அது சண்டைக்கு நிற்பதாகத்தான் தெரியும். மிச்சம் இரண்டு நொடியில் நடந்துவிடும். இதற்குப் பதிலாகப் பதினைந்து அடி இடைவெளி விட்டு இருவரும் ஒரே பக்கம் நடக்கத் தொடங்குங்கள். இடைவெளியை மெல்லக் குறையுங்கள். இரண்டும் தரையை மோப்பம் பிடிக்க ஆரம்பித்தால் நல்ல அறிகுறி. அப்புறம் பக்கவாட்டில் வளைந்து வந்து ஒன்றன் பின்பக்கத்தை மற்றொன்று முகர விடுங்கள், மூன்று நொடி, அவ்வளவுதான். கூப்பிட்டு நகர்த்திவிட்டு, வேண்டுமானால் இன்னொரு முறை விடலாம். செயின் எப்போதும் தளர்ந்து தொங்க வேண்டும். வாலாட்டுகிறதே என்று மயங்க வேண்டாம். வால் விறைத்து மேலே நின்று நுனி மட்டும் துடித்தால் அது ஆபத்து. சாப்பாடே இல்லாதபோது உதட்டை நக்கிக்கொள்வது, தூக்கமே இல்லாதபோது கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பி ஓரக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாமே 'எனக்கு இது வேண்டாம்' என்பதற்கான வெளிப்பாடு. அந்த நேரத்தில் கூட்டிக்கொண்டு விலகுபவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இனவாரிச் சந்திப்பு பீகிள், கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே அமைகிறது. விளையாடும் விதம் ஒத்துப்போகும். சேர்வதற்கு முன் பாருங்கள்: தடுப்பூசிச் சான்று கேட்கிறார்களா, சின்ன நாய்க்கும் பெரிய நாய்க்கும் தனி அடைப்பு உண்டா, ஹீட்டில் (இனச்சேர்க்கைப் பருவத்தில்) இருக்கும் பெண் நாயை அனுமதிப்பதில்லை என்று எழுதியிருக்கிறார்களா? தின்பண்டத்தையும் பந்தையும் நடுவில் போடுவதைத் தடுக்கிறார்களா என்பதும் முக்கியம், பாதிச் சண்டை அதில்தான் ஆரம்பிக்கும். குட்டியாக இருந்தால் தடுப்பூசி வரிசை முடியும்வரை, அதாவது ஏறக்குறைய நாலு மாதம்வரை, எந்தச் சந்திப்பும் வேண்டாம். பார்வோ வைரஸ் தொற்று வந்தால் பிழைப்பதே பெரும்பாடு.

விழா வகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒலிபெருக்கி, ஃபேஷன் ஷோ, முதுகில் சட்டை மாட்டிய நாய்கள், வெயிலில் பந்தல், ஐம்பது நாய்க்கு ஒரே தண்ணீர்த் தொட்டி. போனால் நீங்கள் மட்டும் போய் இலவச மாதிரிப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டர்ஃபும் நீச்சல்குளமும்

செயினைக் கழற்றி ஓட விட வேண்டும் என்றால் சென்னைக்குள் அதற்கு நாலு பக்கமும் அடைத்த இடம் வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து கால்பந்து டர்ஃபை (செயற்கைப் புல் மைதானத்தை) ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பது இப்போது நடக்கிறது. பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு சினிமா டிக்கெட் அளவுதான் ஆகும். வலை உயரமாக இருக்கும், வெளியே ஓடிவிடுமோ என்ற பயம் இல்லை. ஆனால் எல்லா டர்ஃப்காரர்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், முதலிலேயே நாய்கள் என்று சொல்லித்தான் எடுக்க வேண்டும். செயற்கைப் புல் வெயிலில் மண்ணைவிட ரொம்பவே சூடாகும். இரவு 9 மணிக்கு மேல் அல்லது விடிவதற்கு முன் எடுங்கள். அந்த நேரத்தில் வாடகையும் பேசிக் குறைக்கலாம்.

ஈ.சி.ஆர்., ஓ.எம்.ஆர். பக்கம் போர்டிங் நடத்துபவர்களில் சிலர் நாய்க்கான நீச்சல்குளத்தையும் மணிக்கணக்கில் விடுகிறார்கள். மூட்டு வலி உள்ள, எடை கூடிய நாய்களுக்கு இது உண்மையிலேயே நல்லது. தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்ளும். எல்லா நாயும் பிறவியிலேயே நீந்தும் என்பது கட்டுக்கதை. பக்கும் புல்டாக்கும் கல்லாக மூழ்கும், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறக்கவே கூடாது. தொங்கும் காது நாய்களுக்குக் குளித்தபின் காதுக்குள் ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும், பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் காரில் ஏற்ற வேண்டும். மழைக்காலத்தில் இந்தப் பண்ணைகளுக்குப் போவதென்றால் உண்ணி மருந்து போட்டிருக்கிறதா, எலிக் காய்ச்சலுக்கான ஊசி ஆண்டு தவறாமல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேங்கிய தண்ணீரில் நாய் காலை வைப்பதே எனக்குப் பிடிக்காது.

மொட்டை மாடி

யாரும் விளம்பரம் செய்யாத வழி இது, அதனால்தான் பலர் இதைச் சேர்த்துக்கொள்வதில்லை. உங்கள் நாய்க்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு நாய், அதன் வீட்டுக்காரர், அவர்களுடைய மொட்டை மாடி. மாலை 6 மணிக்கு மேல் கடல்காற்று வரும். இரண்டு நாய்கள், நாலு நாற்காலி, ஒரு வாளித் தண்ணீர். நாய்கள் பத்து நிமிஷம் துரத்தி விளையாடி, அரை மணி நேரம் தூங்கி, மறுபடி துரத்தும். நாம் டீ குடித்துக்கொண்டு பேசலாம். முன்பின் தெரியாத இருபது நாய்களோடு ஒரு மணி நேரம் இருப்பதைவிடத் தெரிந்த ஒரு நாயோடு மூன்று மணி நேரம் இருப்பது பெரும்பாலான நாய்களுக்கு உகந்தது. கஃபே, சந்திப்பு, டர்ஃப் மூன்றையும் இதோடு வைத்துப் பார்த்தால் நான் இதைத்தான் எடுப்பேன்.

போகும் முன் கைப்பிடிச் சுவரை அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றடிகூட இருக்காது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் மாதிரி நெட்டைக்கால் நாய்க்கு அது ஒரு தாண்டல். காகத்தைப் பார்த்தால் யோசிக்காது. சின்டெக்ஸ் தொட்டி மேடைக்கு ஏறும் படியை நாற்காலியால் அடைத்துவிடுங்கள். அடுக்குமாடி என்றால் அசோசியேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. கீழ்வீட்டு மாமி வடாம் காயப்போட்டிருந்தால் அன்றைக்குத் திட்டத்தை ரத்து செய்துவிடுங்கள், வேறு வழியே இல்லை.

ஊரைத் தாண்டி

மாமல்லபுரம் சாலையில் நாயோடு தங்கவிடும் விடுதிகள் கூடிவிட்டன. எடை வரம்பு, கூடுதல் கட்டணம், நாயை அறையில் தனியே விடலாமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிற்பங்களைப் பார்க்க நாயை உள்ளே விட மாட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

ஏலகிரி, கோத்தகிரி, வால்பாறை என்றால் குளிரைப் பார்த்ததும் நாய் குட்டியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் நீலகிரியிலும் வால்பாறையிலும் சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. இருட்டிய பிறகு ஒன்றுக்கு விடக்கூட முற்றத்தில் தனியாக விட வேண்டாம், செயினைப் பிடித்துக்கொண்டு விளக்கடியில் நில்லுங்கள். ரயிலில் போவதென்றால் முதல் வகுப்பு ஏ.சி.யில் இரண்டு பேர் கூபேயோ நாலு பேர் கேபினோ முழுவதும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், நாய்க்குப் பார்சல் அலுவலகத்தில் தனியே கட்டணம் கட்ட வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியோடு இருக்கும் நாய்க்கூண்டில் ஏற்றுவார்கள். அந்தக் கூண்டை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் பார்த்த அன்றே கார் போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போக ஒரு இடமும் இருக்கிறது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையிடமே சென்னைதான். மெட்ராஸ் கேனைன் கிளப் நடத்தும் நாய்க் கண்காட்சி நாய் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் ஊர் இனங்களை ஒரே மைதானத்தில் பார்க்கலாம். வளர்ப்பவர்களிடம் நின்று கேட்டால் எவ்வளவு ஓட்டம் வேண்டும், பிளாட்டில் தாங்குமா என்று ஒளிக்காமல் சொல்வார்கள். பார்த்துவிட்டு, வாங்குவதற்கு முன் கிண்டியில் ப்ளூ கிராஸுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 1959 முதல் இருக்கும் விலங்கு நல அமைப்பு, தத்துக்கொடுக்க அங்கே எப்போதும் குட்டிகள் இருக்கும்.